மூன்று முறை ஜிம்மை விட்டவர் நான்காவது முறை எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. வயது 38, எடை 84 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஐந்து வருடத்தில் மூன்று முறை ஜிம்மில் பணம் கட்டிச் சேர்ந்து, மூன்று முறையும் மூன்றாவது மாதத்துக்குள் நின்றுவிட்டீர்கள். முதல் மாதம் இரண்டு கிலோ குறைகிறது, அப்புறம் எடை நகர மாட்டேன் என்கிறது, அதோடு ஆர்வமும் போய்விடுகிறது. மாடிப்படி ஏறும்போது வலது முழங்கால் லேசாக வலிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். “மன உறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது?” என்பது உங்கள் வரி. மூன்று முறை சேரும் அளவுக்கு உறுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவது மாதத்தில், யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு காலையில், மறுபடி அங்கே போக என்ன காரணம் இருக்கும் என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

எடையை மட்டுமே குறியாக வைத்தால் அந்தக் காரணம் கிடைக்காது. உப்பு, தண்ணீர், முந்தின இரவுச் சாப்பாடு இவற்றாலேயே உடல் எடை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். நன்றாகப் பயிற்சி செய்த வாரத்திலும் முள் மேலே போகலாம், சோம்பிக் கிடந்த வாரத்திலும் கீழே வரலாம். செய்த வேலைக்கும் கிடைக்கும் பதிலுக்கும் இடையே இவ்வளவு இரைச்சல் இருந்தால் எந்த மனமும் சலித்துப்போகும். ஒரு திறமையைப் பழகும்போது பதில் அந்த நொடியே வந்துவிடுகிறது. தண்ணீரில் தலை சரியாக இருந்தால் கால் மிதக்கும், தப்பாக இருந்தால் மூழ்கும். நேற்று வராதது இன்று பாதி வந்தால், மீதிப் பாதி நாளைக்கு உங்களைக் கூப்பிடும். என் பரிந்துரை இதுதான்: ஒரு வருடத்துக்கு “உடற்பயிற்சி” என்ற பேச்சை ஒதுக்கிவையுங்கள். உடம்பின் பெரிய தசைகள் வேலை செய்யும் ஒரு வித்தையை எடுத்துக்கொண்டு அதைக் கற்கப் போங்கள். உடல் திறன் அதன் கூடவே வரும்.

இதில் எது உறுதியானது, எது அரைகுறை என்று முதலில் பிரித்துவிடுகிறேன். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்த கோட்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு செயலில் மனிதர் நிலைத்திருக்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்கிறது அது: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, என்னோடு சிலர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இதை உடற்பயிற்சிக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வுகளை 2012இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. “இது உடம்புக்கு நல்லது” என்ற எண்ணம் ஒருவரைத் தொடங்க வைப்பதில் வலுவானது, நீண்ட காலம் தொடர வைப்பதில் செயலிலேயே கிடைக்கும் மகிழ்ச்சிக்கு அதிகப் பங்கு உண்டு என்று தெரிந்தது. உங்கள் மூன்று தோல்விகளையும் இந்த ஒரு வரிக்குள் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கேள்வித்தாள் கொடுத்துத் தொடர்பு பார்த்தவை. மகிழ்ச்சி இருந்ததால் தொடர்ந்தார்களா, தொடர்ந்ததால் மகிழ்ச்சி வந்ததா என்பதை அவற்றால் முழுதாகப் பிரிக்க முடியாது. அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

எந்தத் திறமை என்பதில் அவசரம் வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது நான்கு. இதயமும் பெரிய தசைகளும் வேலை செய்ய வேண்டும். கேரம் அருமையான வித்தை, ஆனால் மூச்சு வாங்காது. சரியா தப்பா என்பது உடனே தெரிய வேண்டும். படிப்படியாக ஏறும் ஏணி இருக்க வேண்டும், அதாவது ஒன்று வந்ததும் அடுத்தது கண்ணில் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போய்ச்சேர வேண்டும். இந்த நான்காவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, அவர்களைத் தோற்கடிப்பதும் இதுதான். சிலம்பம் முதல் மூன்றிலும் நன்றாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக அது சேர்க்கப்பட்டது. சிறுவர்களோடு சேர்ந்து பழகக் கூச்சம் இல்லை என்றால் பக்கத்தில் ஆசான் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உங்கள் எடைக்கும் முழங்காலுக்கும் என் முதல் தேர்வு நீச்சல்தான். குளம் கிடைக்காதவருக்கு புல்-அப், அதாவது பாரில் (உயரத்தில் இருக்கும் கம்பியில்) தொங்கி முகவாய் அதற்கு மேலே வரும்வரை உடம்பை இழுப்பது. இரண்டையும் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வயது வந்தபின் நீச்சல் பழகும் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது: “பாதிக் குளத்திலேயே மூச்சு முட்டுது சார், ஸ்டாமினா இல்லை.” பெரும்பாலும் ஸ்டாமினா அங்கே பிரச்சினையாக இருப்பதில்லை. மூச்சை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு நீந்துகிறார்கள். மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது உடம்பில் சேரும் கரியமில வாயு, ஆக்சிஜன் தீர்ந்துபோவது அல்ல. தண்ணீருக்குள் மூச்சை விடாமல் வெளியே தலையைத் தூக்கும் அந்த அரை நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் நேரம் போதாது. பதற்றத்தில் தலையை இன்னும் தூக்குவார்கள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் மூழ்கும். அப்போது உடம்பு தண்ணீரைக் கிழித்துப் போகாமல் பலகைபோல் முட்டிக்கொண்டு போகிறது. காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தியான பொருளை அப்படி முட்டினால் யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

அதனால் முதல் மூன்று நான்கு நாள் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்திலேயே இருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூக்கு வழியாக மெதுவாக, விட்டுவிட்டு அல்லாமல் ஒரே சீராகக் குமிழி விடுங்கள். தலையைத் தூக்கும் நேரத்தில் இழுக்க மட்டுமே வேலை இருக்க வேண்டும். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. அடுத்தது மிதப்பு. முகம் கீழே, கைகள் முன்னே நீட்டி, பார்வை நேராகக் குளத்தின் தரையில். முன்பக்கச் சுவரைப் பார்த்தால் தலை தூக்கிவிட்டது என்று அர்த்தம். நெஞ்சைத் தண்ணீருக்குள் லேசாக அழுத்திப் பாருங்கள், இடுப்பு தானாக மேலே வருவது தெரியும். அது முதன்முதலாகத் தெரியும் கணத்தில்தான் பலருக்கு நீச்சல் பிடித்துப்போகிறது. பிறகு கால். இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும், கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும், அடி சின்னதாக இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்தால் இருக்கும் இடத்திலேயே இருப்பீர்கள், சில சமயம் பின்னாலேயே போவீர்கள். இதற்குப் பிறகு ஒரு கையை முன்னே நீட்டி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கால் அடித்துப் போவது. மூச்சு இழுக்கப் பழகுவது இங்கேதான். உடம்போடு சேர்ந்து முகம் திரும்ப வேண்டும், காகிள்ஸின் ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடியும் வெளியே வந்தால் தலையைத் தூக்கிவிட்டீர்கள். இவ்வளவும் வந்த பிறகே இரண்டு கையையும் மாற்றி மாற்றி வீசும் முழு ஃப்ரீ ஸ்டைல். இந்த வரிசையைத் தாண்டி முதல் நாளே கையை வீசத் தொடங்குகிறவர்கள் கோடை முகாம் முடிந்ததும் குளத்தை மறந்துவிடுகிறார்கள்.

25 மீட்டர் ஒரு முறை முழுதாக நீந்த முடிந்ததும் உங்களுக்கு ஒரு எண் கிடைக்கும். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு, எத்தனை நொடி என்று எண்ணி இரண்டையும் கூட்டுங்கள். 28 கை, 40 நொடி என்றால் 68. நீச்சல்காரர்கள் இதை ஸ்வால்ஃப் என்பார்கள். வேகமாகக் கையை வீசினால் நொடி குறையும், கை எண்ணிக்கை ஏறும். நீட்டி நிதானமாக நீந்தினால் மாறி வரும். இரண்டையும் ஏமாற்றி இந்த எண்ணைக் குறைக்க முடியாது, திறமை கூடினால்தான் குறையும். 68 ஒரு நாள் 66 ஆவதில் இருக்கும் நிறைவைத் தராசு ஒருபோதும் தராது. உங்கள் உயரமும் குளத்தின் நீளமும் அந்த எண்ணை மாற்றும் என்பதால் பக்கத்துப் பாதையில் நீந்துபவரோடு ஒப்பிடாதீர்கள்.

குளத்தில் தனியாக இறங்காதீர்கள். நீருக்கடியில் மூச்சுப் பிடித்துப் போகும் பந்தயம் வேண்டவே வேண்டாம். குறிப்பாக, அதற்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவது உயிரைப் பறிக்கும். கரியமில வாயு குறைந்துபோவதால் மூச்சு முட்டும் எச்சரிக்கை வராமலேயே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

இனி புல்-அப். இதில் ஒரு மனச் சிக்கல் உண்டு: முதல் புல்-அப் வரும்வரை எண்ணிக்கை பூஜ்யம்தான். 84 கிலோவைத் தூக்க மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான்காவது முறையும் நின்றுவிடுவீர்கள். ஆகவே அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் துண்டு, பாரில் சும்மா தொங்குவது. எல்லாச் செட்டும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகட்டும், தொடக்கத்தில் பத்துப் பத்து நொடியாக ஆறு முறை என்றாலும் சரி. பாரை உள்ளங்கையின் நடுவில் வைத்தால் தோல் மடிந்து காய்ப்பு கிழியும், விரல்களின் அடிப்பகுதியில் வைத்துப் பிடியுங்கள். இரண்டாவது, தொங்கியபடி முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் காதிலிருந்து கீழே இழுப்பது. பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், ஆனால் புல்-அப் தொடங்குவதே அங்கேதான். மூன்றாவது, இடுப்பு உயரத்தில் இருக்கும் கம்பியைப் பிடித்துக் கீழே படுத்த நிலையில் உடம்பை நேராக வைத்து நெஞ்சைக் கம்பிக்கு இழுப்பது, எட்டு முதல் பன்னிரண்டு வரை. நான்காவது, ஸ்டூல்மேல் ஏறி முகவாய் பாருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஐந்து நொடி எண்ணியபடி மெதுவாக இறங்குவது. செட்டுகளுக்கு இடையே இரண்டு நிமிட ஓய்வோடு நாலைந்து முறை போதும். இறங்குவது எட்டு நொடியைத் தாண்டி, அதையும் ஐந்து முறை செய்ய முடிந்தால் ஏறிப் பார்க்கலாம்.

இங்கே கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: இறங்கும் பயிற்சியைத் தினமும் செய்வது. வாரம் இரண்டு முறை, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. தசை சீக்கிரம் பழகிவிடும், அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். தசை தெம்பாக இருக்கிறதே என்று கூட்டிக்கொண்டே போனால் ஆறாவது ஏழாவது வாரத்தில் முழங்கையின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கும். பால் பாக்கெட் தூக்கும்போதே தெரியும். அப்போது இறங்கும் பயிற்சியை நிறுத்தி, தொங்குவதையும் கிடைமட்ட இழுப்பையும் வலி இல்லாத அளவில் மட்டும் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தணியவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும்.

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வேலை. 1979இலேயே மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். தசை பெருப்பதற்கு முன்பே, இருக்கும் தசையை இன்னும் நன்றாக இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாத அந்த வாரங்களிலும் கை பலமாகிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். கண்ணாடியை நம்பி விட்டுப்போகிறவர்கள் சரியாக இந்த வாரங்களில்தான் விடுகிறார்கள்.

பயிற்சியின் அமைப்பு பற்றி: புதிதாகப் பழகும் அசைவை உடம்பு சூடானதும், களைப்பு வருமுன் செய்யுங்கள். கடைசியில் களைத்த உடம்போடு செய்தால் தப்பான அசைவே பதியும். முதல் இருபது நிமிடம் திறமை, அடுத்த பதினைந்து நிமிடம் தெரிந்ததைத் திரும்பச் செய்து வியர்ப்பது. கடினத்தின் அளவுக்கு என்னிடம் இருப்பது கைக்கணக்குதான், ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன்: பத்து முயற்சியில் மூன்றுக்குக் குறைவாக வந்தால் ஒரு படி இறங்குங்கள், ஒன்பது வந்தால் ஒரு படி ஏறுங்கள். ஒரு வேளைக்கு ஒரே ஒரு திருத்தம். செல்போனைப் பக்கவாட்டில் வைத்து அரை நிமிடம் படம் பிடித்தால் திருத்த வேண்டியது தெரிந்துவிடும். அந்தத் திருத்தத்தை உறுப்பின் பெயரால் சொல்லிக்கொள்வதைவிட விளைவின் பெயரால் சொல்லிக்கொள்வது நல்லது. “முழங்கையை மடக்கு” என்பதைவிட “தண்ணீரைப் பின்னால் தள்ளு” சீக்கிரம் பலிக்கும். இதை காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். பலன் எவ்வளவு பெரியது என்பதில் மட்டும் இன்று ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இன்னொன்று: ஒரே அசைவை ஐம்பது முறை தொடர்ந்து செய்வதைவிட, இரண்டு மூன்று அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்தால் அன்றைக்கு அதிகம் தடுமாறும், ஆனால் பத்து நாள் கழித்து நன்றாக நினைவிருக்கும். ஷே, மார்கன் இருவரும் 1979இல் ஆய்வுக்கூடத்தில் கண்டது இது. மைதானத்தில், அதுவும் புத்தம்புதிதாகப் பழகுபவர்களிடம், முடிவுகள் கலந்தே இருக்கின்றன. எனவே முதல் மாதம் ஒன்றையே பழகுங்கள், பிறகு கலந்துகொள்ளுங்கள். கலக்கத் தொடங்கிய வாரத்தில் “இருந்ததும் போச்சே” என்று தோன்றும். அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

எத்தனை நாளில் பழக்கம் ஆகும்? 21 நாள் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 நாள்வரை கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. இந்தக் கடைசி விஷயம் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் நீங்கள் நின்றது ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு ஆபீஸ் நெருக்கடிக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் விட்டால் திரும்பும் நாளில் முழுப் பயிற்சி செய்ய வேண்டாம். குளத்தில் இறங்கிக் குமிழி விட்டு, நாலு நீளம் நீந்தி ஏறிவிடுங்கள்.

பத்து கிலோ குறைந்தால் புது வாட்ச் என்று உங்களுக்கு நீங்களே பரிசு வைத்துக்கொள்ளும் யோசனையைக் கைவிடச் சொல்வேன். டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். முன்கூட்டியே அறிவித்த பொருள் பரிசு, செயலில் இயல்பாக இருந்த ஆர்வத்தைக் குறைத்தது. மனதாரச் சொன்ன பாராட்டு அதைக் கூட்டியது. ஆகவே வாட்சுக்குப் பதில், உங்கள் கைவீச்சைப் பார்த்து “இன்னைக்குத் தலை நல்லா இருந்துச்சு” என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். பயிற்சியாளராக இருக்கலாம், அதே நேரத்துக்கு வரும் இன்னொரு கற்றுக்குட்டியாகவும் இருக்கலாம்.

இந்த வழியின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். 80 கிலோ உடம்பு அரைமணி நேரம் மிதமாக நீந்தினால் செலவாவது சுமார் 240 கலோரி. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைத் தாண்டிவிடும். எடை குறைய வேண்டுமென்றால் தட்டில்தான் கை வைக்க வேண்டும், அது தனிக் கேள்வி. ஒரே திறமை உடம்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் கேட்கிறது. வாரம் மூன்று நாள் 40 நிமிட நீச்சல் என்றால் 120 நிமிடம், மீதிக்கு நடை. நீச்சலில் எலும்புகளுக்குப் போதிய சுமை கிடைப்பதில்லை, அதனால் புல்-அப் பயிற்சியையும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது போன்ற கால் பயிற்சியையும் வாரம் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமோ, இதயப் பிரச்சினையோ, இன்சுலின் போடும் சர்க்கரை நோயோ இருந்தால் தண்ணீரில் இறங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் மூன்றே வரி. “செவ்வாய். பக்கவாட்டுக் கால் அடி, 6 நீளம். வலப்பக்கம் மூச்சு வருது, இடப்பக்கம் தண்ணி குடிக்கிறேன். நாளைக்கு: இடப்பக்கம் மட்டும், காது தோள்மேல ஒட்டி இருக்கணும்.” அந்தக் கடைசி வரி கட்டாயம் இருக்கட்டும். மறுநாள் காலை எழும்போது என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டியிருக்காது, முடிக்காமல் விட்ட வேலை ஒன்று காத்திருக்கும். எடையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரத்தில் பார்த்து அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். முன்பக்கத்தில் எழுத வேண்டாம்.

கடைசியாக அந்த முழங்கால். எழுத்தை மட்டும் படித்து அது எதனால் வலிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வீக்கம் இருந்தாலோ, நடக்கும்போது மாட்டிக்கொள்வதுபோல் பூட்டிக்கொண்டாலோ, இரவில் வலியால் விழிப்பு வந்தாலோ தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றாலும் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல குளங்களில் பெரியவர்களுக்கு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள், தலை வெளியே இருப்பதால் பயம் குறையும் என்று. தவளைபோல் காலை விரித்து உதைக்கும் அந்த அசைவு முழங்காலின் உட்பக்கத்தில் இழுவிசை கொடுக்கும். உங்களுக்கு ஃப்ரீ ஸ்டைலில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.